பாட்டிலில் எத்தனை பிபிஎம்? வளர்ச்சி ஊக்கி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடிப்பட்டம் நெருங்கினால் சென்னையின் மாடித்தோட்டக்காரர்களிடமிருந்து நாளிதழ்களுக்கு ஒரே கேள்வி பல வடிவில் வருகிறது. விதை முளைக்கவில்லை, பூ கொட்டுகிறது, எந்த வளர்ச்சி ஊக்கி போடலாம்? பதிலும் பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது: ஜிப்ரலிக் அமிலத்தில் ஊறவையுங்கள், என்ஏஏ தெளியுங்கள். எந்தச் செறிவுள்ள மருந்து, லிட்டருக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்பது அதில் இருப்பதில்லை. பயிர் ஊக்கிகள் கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் வேலை செய்பவை. அளவு சொல்லாமல் இவற்றைப் பரிந்துரைப்பதால் பலன் கிடைக்காமல் போவது மட்டுமில்லை, சில நேரம் செடியே போய்விடுகிறது. இதை உங்கள் வாசகர்கள் முன் வைக்கவே எழுதுகிறோம்.

முதலில் விதைக்குள் நடப்பதைப் பார்க்கலாம். சாதாரணக் கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சினால் கெட்டிப்படும். முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவில் காய்ச்சினால் அதே அளவு மாவுக்கு நீர்த்தே நிற்கும். முளைக்கும்போது உருவான அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குவதுதான் காரணம். அந்த நொதியைச் சுரக்கச் சொல்லும் கட்டளை விதையின் கருவிலிருந்து வருகிறது. விதை தண்ணீர் குடித்ததும் கரு ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கியை உற்பத்தி செய்கிறது (கடையில் விற்கும் ஜிப்ரலிக் அமிலம் இதன் ஒரு வகை). அது மாவுப் பகுதியைச் சுற்றியுள்ள அலூரான் அடுக்குக்குப் போகிறது. அலூரான் செல்கள் அமைலேஸைச் சுரக்கின்றன, மாவு கரைகிறது, கரு அதை உண்டு வேர் விடுகிறது. பார்லி மணியை இரண்டாக வெட்டினால் கரு இல்லாத பாதியில் மாவு கரைவதில்லை. அந்தப் பாதிக்கு ஜிப்ரலின் கொடுத்தால் கரைகிறது. ஜப்பானில் யோமோவும் ஆஸ்திரேலியாவில் பேலெக்கும் 1960 வாக்கில் தனித்தனியாகக் காட்டியது இது.

இதற்கு எதிர்ப்பக்கம் பிரேக் போல நிற்பது அப்சிசிக் அமிலம். தக்காளிப் பழத்துக்குள் விதையைச் சுற்றி எவ்வளவு ஈரம்! இருந்தும் அது அங்கே முளைப்பதில்லை. பழச்சதையிலும் விதையைச் சூழ்ந்த வழுவழுப்பிலும் உள்ள அப்சிசிக் அமிலமும், சாற்றின் அடர்த்தியும் சேர்ந்து அதை அடக்கி வைத்திருக்கின்றன. ஒரு விதை முளைப்பதும் முளைக்காததும் ஜிப்ரலினுக்கும் அப்சிசிக் அமிலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. ஒன்றின் அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நல்ல விதை தனக்கு வேண்டிய ஜிப்ரலினைத் தானே செய்துகொள்ளும். எனவே முளைக்காத விதையைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி, அதை எது தடுக்கிறது என்பதே.

தடை தோலாக இருக்கலாம். சங்குப்பூ, சரக்கொன்றை, குண்டுமணி போன்றவற்றின் விதையுறை தண்ணீரையே உள்ளே விடாது. தண்ணீர் போகாத இடத்துக்கு ஊக்கியும் போகாது. எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) கரைசலில் போட்டாலும் வீண். உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து, காம்புத் தழும்பு இருக்கும் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு, 12 மணி நேரம் சாதா தண்ணீரில் போடுங்கள். ஊதிப் பெருத்தவற்றை விதையுங்கள். அப்படியே கிடப்பவற்றை மறுபடி தேய்த்து ஊறப்போடுங்கள். பாகல், புடலை விதைகளுக்கு நகவெட்டியால் விளிம்பை லேசாக நறுக்கினால் போதும், உள்ளே பருப்பில் காயம் படக் கூடாது. வெண்டைக்கு ஓர் இரவு, அதாவது 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் விதைக்குக் காற்று கிடைக்காது; அது மூச்சுத் திணறி அழுகும். அந்த அழுகலையும் "மட்ட விதை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

தடை விதையைச் சுற்றிய சதையாக இருந்தால் கழுவினால் தீர்ந்தது. தக்காளி விதையைச் சாற்றோடு ஒரு டம்ளரில் விட்டு ஒரு நாள் புளிக்கவைத்து, நன்றாகத் தேய்த்துக் கழுவி நிழலில் காயவைக்க வேண்டும். சென்னை வெயிலில் இரண்டு நாளுக்கு மேல் விட்டால் டம்ளரிலேயே முளை எட்டிப் பார்க்கும். பப்பாளி விதையைச் சுற்றியுள்ள பை போன்ற சவ்வைச் சாம்பல் போட்டுத் தேய்த்து நீக்க வேண்டும். ஜிப்ரலிக் அமிலம் உண்மையாகவே உதவும் விதைகளில் பப்பாளியும் ஒன்று. ஆனால் சவ்வை நீக்காமல் ஊறவைத்தால் பாதிப் பலன் போய்விடும்.

சென்னையில் பலரும் கவனிக்காத தடை வெப்பம். கொத்துமல்லி, கேரட், லெட்டூஸ் போன்றவை குளிர்ந்த மண்ணை விரும்புபவை. லெட்டூஸில் இது தெளிவாகக் கண்டறியப்பட்டிருக்கிறது: மண் 30 டிகிரியைத் தாண்டிச் சூடானால் விதை அப்சிசிக் அமிலத்தைக் குறைக்காமல் வைத்துக்கொள்கிறது, ஜிப்ரலின் உற்பத்தியும் மட்டுப்படுகிறது. வெயிலில் உயிர்விடாமல் இருக்க விதை செய்யும் தற்காப்பு இது. கான்கிரீட் தளத்தின் மேல் கறுப்புப் பையில் இருக்கும் மண் மே, ஜூன் மாத மதியத்தில் 40 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது வெண்டைக்கும் அவரைக்கும் கொடிக்காய்களுக்கும் சரி. சென்னை மாடியில் கொத்துமல்லிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பட்டம். ஆடியிலேயே வேண்டும் என்பவர்கள் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, விதையை இரண்டாகப் பிளந்து தூவி, முளை தெரியும்வரை ஈரக்கோணி போட்டு மூடிவையுங்கள். பையைத் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வைத்தாலே சூடு குறையும்.

உப்பும் அதே வேலையைச் செய்கிறது. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உட்புகுந்த நிலத்தடி நீரைப் பற்றி எல்லாரும் அறிவார்கள். கடற்கரையை ஒட்டிய மற்ற இடங்களிலும் கோடையில் போர்வெல் தண்ணீர் உவர்க்கிறது. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 1,000-ஐத் தாண்டிய தண்ணீரில் நாற்று விடுவதைத் தவிர்ப்பது நல்லது. இதைவிட மோசமான குற்றவாளி கழுவாத தென்னை நார்க்கழிவு. 5 கிலோ கட்டியை ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். ஊற்றிய தண்ணீரின் டிடிஎஸ் அளவுக்குப் பக்கத்தில் வரும்வரை, குறைந்தது மூன்று முறையாவது, கழுவிக் கொட்ட வேண்டும். உப்பு விதைக்குத் தண்ணீரை எட்டவிடாது. முளைத்த நாற்றிலும் அப்சிசிக் அமிலத்தை ஏற்றி வளர்ச்சியை நிறுத்தும். அதைப் பார்த்து ஊக்கி தெளிப்பது, பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரை முறுக்குவது போல.

இத்தனையும் சரியாக இருந்தும் முளைக்கவில்லை என்றால் விதைக்கே உயிர் இல்லாமல் இருக்கலாம். அதை அறிய ஈரப் பருத்தித் துணி போதும். 50 விதையை எண்ணி வரிசையாக வைத்துச் சுருட்டி, காற்றுப் புகும் டப்பாவில் நிழலில் வையுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் என்றால் 14 நாள் பொறுங்கள். சான்று விதைக்கான குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60, நெல்லுக்கு 80. மிளகாயில் 50-க்கு 30 முளைத்தால் அது தரமான விதைதான். மீதி 20 வரவில்லை என்று ஊக்கி தேடி அலைய வேண்டாம்.

இப்போது ஜிப்ரலிக் அமிலக் கணக்கு. கடையில் இது இரண்டு வடிவில் கிடைக்கிறது, பெரும்பாலான குழப்பம் இங்கேதான். ஒன்று, 0.001 சதவீதத் திரவம். ஒரு லிட்டர் பாட்டிலில் உள்ள ஜிப்ரலிக் அமிலம் 10 மில்லிகிராம், அதாவது 10 பிபிஎம். அது வயலில் இலைவழி தெளிக்க வந்த மருந்து. விதை நேர்த்திக்கு 100 பிபிஎம் வேண்டும் என்று படித்துவிட்டு, இந்தத் திரவத்தில் லிட்டருக்கு ஒரு மில்லி கலக்கிறார்கள். கிடைப்பது 0.01 பிபிஎம், தேவையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பாட்டிலைக் கலக்காமல் அப்படியே ஊற்றினாலும் 100 வராது. மற்றொன்று 90 சதவீதப் பொடி. ஒரு கிராம் பாக்கெட்டில் 900 மில்லிகிராம் இருக்கிறது. இதை ஒரு லிட்டரில் கொட்டினால் 900 பிபிஎம். இரண்டையும் "ஜிப்ரலிக்" என்று ஒரே பெயரில் கேட்டு வாங்குகிறார்கள். செறிவிலோ 90,000 மடங்கு வித்தியாசம்.

பொடியைப் பயன்படுத்தும் முறை இது. அது நேராகத் தண்ணீரில் கரையாமல் மிதக்கும். ஒரு கிராமை 10 மில்லி சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் முழுக்கக் கரையுங்கள். பிறகு சுத்தமான தண்ணீர் சேர்த்து மொத்தம் 900 மில்லியாக்குங்கள். இது 1,000 பிபிஎம் தாய்க்கரைசல். அதில் 100 மில்லி எடுத்து 900 மில்லி தண்ணீர் சேர்த்தால் 100 பிபிஎம். 200 மில்லிக்கு 800 மில்லி என்றால் 200 பிபிஎம். கழுவிய பப்பாளி விதையை 100 முதல் 200 பிபிஎம்மில் 12 மணி நேரம் வைத்து, நிழலில் ஆறவிட்டு, அன்றே விதைக்கலாம். தாய்க்கரைசல் கரைத்த நிலையில் நாளடைவில் வீரியம் இழக்கும். குளிர்ச்சியான இருட்டில் வைத்தாலும் சில நாட்களில் தீர்த்துவிடுங்கள், மாதக்கணக்கில் சேமிக்க வேண்டாம். சமையலறைப் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். பாட்டில் மேல் பெயரும் அளவும் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை நெல்தான் உலகத்துக்குக் காட்டியது. ஜப்பானிய விஞ்ஞானி குரோசாவா 1926-ல், வெளிறி நெட்டையாக வளர்ந்து சாயும் நெல் நாற்றுகளுக்குக் காரணம் ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள் என்று கண்டார். ஜப்பானிய விவசாயிகள் அந்த நோயை "முட்டாள் நாற்று" என்ற பொருளில் பகானே என்று அழைத்தார்கள். அந்தப் பொருளுக்கு 1935-ல் யபூட்டா ஜிப்ரலின் என்று பெயரிட்டார். 900 பிபிஎம்மில் ஊறிய மிளகாய் நாற்றும் அப்படித்தான் குச்சிபோல் எழுந்து, நான்காம் இலை வருமுன் மடியக்கூடும்.

ஆனால் நெட்டையான எல்லா நாற்றுக்கும் ஊக்கி காரணமில்லை. அடுக்குமாடி பால்கனியில் வெளிச்சம் போதாமல் நீளும் நாற்றுகள்தான் அதிகம். மங்கிய வெளிச்சத்தில் செடி தனக்குள் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியையும் ஜிப்ரலினையும் கொண்டு தண்டை நீட்டி வெயிலைத் தேடுகிறது. குழித்தட்டை மூடிவைப்பவர்கள், மூன்றில் ஒரு பங்கு முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துக் காலை வெயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று நாள் தாமதித்தால் பிறகு எந்த டானிக்காலும் அந்தத் தண்டைக் குட்டையாக்க முடியாது.

பூ உதிர்வுக்கு வருவோம். இதற்கு எல்லாரும் கைநீட்டும் மருந்து 4.5 சதவீத என்ஏஏ, அதாவது செயற்கை ஆக்சின். ஒரு மில்லியில் 45 மில்லிகிராம் இருக்கிறது. மிளகாய்க்கும் தக்காளிக்கும் தேவை 10 முதல் 20 பிபிஎம். நாலரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி கலந்தால் 10 பிபிஎம். வீட்டிலுள்ள ஒரு லிட்டர் கைத்தெளிப்பானுக்கு 0.22 மில்லிதான் வேண்டும்; மருந்துக் கடையின் ஒரு மில்லி சிரிஞ்ச் இல்லாமல் இதை அளக்கவே முடியாது. ஒரு டீஸ்பூன் ஊற்றினால் 225 பிபிஎம் ஆகிவிடும். ஆக்சின் அந்த அளவுக்கு ஏறினால் செடி எத்திலின் என்ற வாயு வடிவ ஊக்கியை உற்பத்தி செய்யத் தொடங்கும். எத்திலின் காம்பின் அடியில் உதிர்வு அடுக்கைத் தளர்த்தும். பூ உதிராமலிருக்கத் தெளித்த மருந்தே பூவையும் பிஞ்சையும் கொட்டவைக்கும், இலை முறுக்கிக்கொள்ளும். இதே ஆக்சின் குடும்பத்தின் 2,4-டி களைக்கொல்லியாக விற்கப்படுவது தற்செயலில்லை. திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் வாடகைத் தெளிப்பான் எடுக்கும் காய்கறி விவசாயிகள், முன்னால் அதில் நெல் வயலுக்கு 2,4-டி அடித்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். டேங்கில் ஒட்டிய மிச்சமே தக்காளி இலையை நார்போல் திருகவைக்கப் போதும், பார்ப்பவர்கள் அதை வைரஸ் என்பார்கள்.

சரியான அளவிலும் என்ஏஏ எல்லாப் பூவையும் காப்பாற்றாது. இரவு வெப்பம் 24, 25 டிகிரிக்கு மேல் நின்றால் தக்காளி மகரந்தம் சரியாக வேலை செய்யாது. சென்னையின் மே மாத இரவு பெரும்பாலும் 27, 28 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அப்போது ஆக்சின் தெளித்தால் விதையில்லாத, உள்ளே பொள்ளலான காய் கொஞ்சம் நிற்கலாம். தக்காளியை கார்த்திகை, மார்கழியில் பூக்கும்படி நாற்று விடுவதே நல்ல வழி. கொடிக்காய்களில் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் பெரும்பாலும் அது மகரந்தக் குறை. வளரும் விதைகள் அனுப்பும் ஆக்சின்தான் பிஞ்சைப் பிடித்து வைக்கிறது. விதை பிடிக்காத பக்கம் வீங்காததால் புடலையும் வெள்ளரியும் வளைகின்றன. சுரை, புடலை, பீர்க்கு மாலையில் மலர்பவை, பாகல் காலையில். மலர்ந்த நேரத்தில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் சூல்முடியில் தொட்டால் போதும். காசு செலவில்லாத இந்த வேலைக்கு எந்தப் பாட்டிலும் ஈடாகாது.

போத்து (நடுவதற்கு வெட்டிய குச்சி) வேர்பிடிக்க ஐபிஏ என்ற ஆக்சினைப் பயன்படுத்துவது நியாயமான பயன்பாடு. மல்லிகை, செம்பருத்திக்கு 100 மில்லிகிராம் ஐபிஏவை 50 மில்லி ஸ்பிரிட்டில் கரைத்து 50 மில்லி தண்ணீர் சேர்த்தால் 1,000 பிபிஎம். 15 செ.மீ. போத்தின் அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடியில் 2 செ.மீ. மட்டும் ஐந்து விநாடி தோய்த்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு நட வேண்டும். நேரம் கூடினால் அடி கறுத்து வேகும். உச்சியில் இரண்டு இலையை விடுங்கள். இலையும் மொட்டும் செய்யும் ஆக்சின் மேலிருந்து கீழ் நோக்கியே நகர்ந்து அடியில் வேரைத் தூண்டுகிறது. தலைகீழாக நட்ட போத்து வீணாவது இதனால்தான். தேனும் மஞ்சள் தூளும் கிருமியைத் தடுக்கலாம், வேர் ஊக்கி வேலையைச் செய்யா.

நுனி கிள்ளுவதும் ஊக்கி மருத்துவமே. நுனிமொட்டின் ஆக்சின் பக்கமொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. செடிமுருங்கையை 75 செ.மீ. உயரத்தில் கிள்ளினால் அந்த அடக்கம் நீங்கிப் பக்கக்கிளை வெடிக்கும்.

இயற்கைக் கரைசல்களை விரும்புவோருக்கு ஒரு சொல். தேங்காய்த் தண்ணீரில் செல் பிரிவைத் தூண்டும் ஊக்கியான சைட்டோகைனின் இருப்பது உண்மை. ஊமத்தையின் இளம் கருக்களை வளர்க்க 1941-லேயே வான் ஓவர்பீக் குழுவினர் அதைப் பயன்படுத்தினார்கள். தேமோர்க் கரைசலுக்கும், லிட்டருக்கு 30 மில்லி தெளிக்கும் பஞ்சகவ்யத்துக்கும் பலன் உண்டு. ஆனால் அவற்றில் ஊக்கியின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். குறிப்பிட்ட பிபிஎம் தேவைப்படும் இடத்தில் அவற்றை மாற்றாகச் சொல்வது சரியில்லை.

பிபிஎம் என்ற சொல்லிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. கொடிக்காய்களில் பெண்பூ எண்ணிக்கை அதிகரிக்க, எத்திலினை வெளிவிடும் மருந்தான எத்திஃபான் 250 பிபிஎம், பத்து லிட்டருக்கு 2.5 மில்லி என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கடையில் கிடைப்பது 39 சதவீதத் திரவம். 2.5 மில்லி கலந்தால் அதில் எத்திஃபான் சுமார் 100 முதல் 120 பிபிஎம்தான். 250 என்பது பாட்டில் திரவத்தின் கணக்கு. எத்திஃபானையே 250 ஆக்க ஐந்தாறு மில்லி வேண்டும். எழுதியவர் எதை நினைத்தார் என்பதைப் படிப்பவர் ஊகிக்கும்படி விடக் கூடாது.

எனவே தங்களிடம் ஒரு கோரிக்கை. வளர்ச்சி ஊக்கி பற்றிய எந்தக் குறிப்பை வெளியிட்டாலும் ஐந்து விவரம் இல்லாமல் அச்சிடாதீர்கள்: ஊக்கியின் பெயர், பாட்டிலில் அதன் சதவீதம், லிட்டருக்கு மில்லி அல்லது கிராம் கணக்கு, ஊறும் நேரம் அல்லது தெளிக்கும் பருவம், எந்தப் பயிர்.

அரசுக்கும் ஒன்று. ஜிப்ரலிக் அமிலம், என்ஏஏ, எத்திஃபான் ஆகியவை 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவாகி விற்கப்படும் மருந்துகள். அவற்றின் செறிவைச் சதவீதத்தோடு "ஒரு மில்லியில் இத்தனை மில்லிகிராம்" என்றும் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடச் செய்ய வேண்டும். மாடித்தோட்டத் தொகுப்புடன் தரப்படும் சிறு விதைப் பாக்கெட்டுகளில் முளைப்புத்திறன் சதவீதமும் பரிசோதித்த தேதியும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். பொட்டலம் கட்டி விற்கப்படும் விதைகளிலும் இதைத் துறை அலுவலர்கள் கேட்டு வாங்க வேண்டும். தேதி தெரிந்தால், முளைக்காத பாக்கெட்டைக் கையில் வைத்திருப்பவர் ஊக்கி விற்கும் கடைக்குப் போவாரா, விதை விற்ற கடைக்குத் திரும்பிப் போவாரா என்பதை அவரே தீர்மானித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தாவர உடலியலும் விதை நுட்பமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
சென்னை.